பாட்டியின் கோடாலியும் தாடிக் கோடாலியும்



சில நாட்களுக்கு முன் கிள்ளானில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்து லயத்தை விட்டு வந்து, இப்பொழுது அடுக்குமாடி வீட்டில் நான்காம் மாடியில் குடியிருக்கும் குடும்பம் அது. காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டுப் பையன் பழைய செய்தித்தாளில் சுற்றிய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். பிரித்துப் பார்த்தால், துருப்பிடித்த ஒரு கோடாலித் தலை. காம்பு இல்லை.

"சார், இத வெட்டி வைக்கிங் கோடாலி மாதிரி செய்யணும். எங்க வெட்டணும்னு கோடு போட்டுத் தாங்க" என்றான்.

உள்ளேயிருந்து அவன் பாட்டி வந்தார். "தம்பி, நீங்களே அவனுக்குச் சொல்லுங்க. பேரிச்சம்பழத்துக்குப் போட வேண்டியதைப் பத்திரமாக் கொண்டாந்தேன். இவன் அத ரெண்டாக் கூறு போடணுங்கிறான்" என்றார்.

பேரன் பக்கம் ஒரு நியாயம், பாட்டி பக்கம் ஒரு நியாயம். இருவருக்கும் அன்று நான் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். உங்களில் பலருடைய வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கோடாலித் தலை இருக்கக்கூடும்.

முதலில், வைக்கிங் என்பவர்கள் யார்? ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் நார்வே, சுவீடன், டென்மார்க் நாடுகளைச் சேர்ந்தவர்கள். 793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவிலிருந்த மடத்தைத் தாக்கியதிலிருந்து, 1066ஆம் ஆண்டு வரையிலான காலத்தை அவர்கள் காலம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுவார்கள். படங்களில் கொம்பு வைத்த இரும்புத் தொப்பியோடு வருகிறார்களே, அந்தக் கொம்புக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அது 19ஆம் நூற்றாண்டு நாடக மேடைக்காரர்கள் வைத்துவிட்ட கொம்பு!

கோடாலி மட்டும் மெய். ஆனால் அந்தக் கோடாலி முதலில் உழவன் வீட்டுக் கருவி. மரம் வெட்டவும், பலகை செதுக்கவும், கப்பல் கட்டவும், விறகு பிளக்கவும் வைத்திருந்ததையே சண்டை வந்தபோது கையில் எடுத்துக்கொண்டான். வாள் வாங்க வசதியில்லாதவனிடமும் கோடாலி இருந்தது. பிறகுதான் சண்டைக்கென்றே மெல்லிய, அகன்ற அலகுடைய கோடாலிகள் செய்தார்கள். செல்வர்கள் வெள்ளிக் கம்பி பதித்து அழகு செய்துகொண்டார்கள். டென்மார்க்கில் மாம்மன் என்னும் இடத்தில் 1868இல் ஒரு கல்லறையிலிருந்து அப்படி ஒன்று கிடைத்தது.

நம் பையன்கள் விரும்பும் உருவம் 'தாடிக் கோடாலி' எனப்படுவது. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அவர்கள் மொழியிலேயே அதற்கு அந்தப் பொருளில்தான் பெயர். கோடாலியின் வெட்டுவாய் கீழ்ப்பக்கம் மட்டும் நீண்டு, தாடைக்குக் கீழே தாடி தொங்குவதுபோல் இருக்கும். ஏன் அப்படிச் செய்தார்கள்? இரண்டு காரணங்கள். அந்தக் காலத்தில் நல்ல எஃகு அரிது. உடம்பை மெத்தென்ற இரும்பில் செய்து, வாயில் மட்டும் எஃகுத் துண்டை வைத்துக் காய்ச்சி ஒட்டுவார்கள். குறைந்த இரும்பில் நீண்ட வாய் வேண்டுமென்றால், இடையிலிருக்கும் இரும்பைக் குறைக்கத்தானே வேண்டும்? இரண்டாவது, தாடிக்குப் பின்னால் கிடைக்கும் இடைவெளியில் விரல்களை விட்டு, வாய்க்கு மிக அருகில் காம்பைப் பிடித்துக்கொண்டு, மரத்தைச் சீவலாம். ஆக, அந்த வளைவு அழகுக்காக வந்ததன்று. சிக்கனத்திலும் உழைப்பிலும் பிறந்தது.

"அப்படியானால் நம்மவர்களிடம் இப்படி எதுவும் இல்லையா, சார்?" என்று அந்தப் பையன் கேட்டான். நல்ல கேள்வி.

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் என்று ஓர் ஊர். சென்ற நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் அலெக்சாண்டர் ரீ என்பவர் அங்கே தோண்டி, தாழிகளோடு ஏராளமான இரும்புக் கருவிகளை எடுத்தார். தென்னாட்டின் பழைய ஈமக்காடுகளில் கிடைக்கும் கோடாலிகளில் ஒரு வகைக்குக் காம்பு நுழையும் துளையே இருக்காது. தட்டையான அலகைப் பிளந்த காம்பில் செருகி, இரும்புப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி இறுக்கியிருப்பார்கள். அதே தாமிரபரணிப் பகுதியிலுள்ள சிவகளையில் கிடைத்த சான்றுகளை வைத்து, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2025 சனவரியில் தமிழ்நாட்டு அரசு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அறிஞர்கள் அதைப் பற்றி இன்னும் ஆராய்ந்து விவாதிக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் இருக்கும் இந்த மண்ணுக்கே வாருங்கள். கிள்ளான் வட்டாரத்திலும், பகாங்கில் தெம்பெலிங் ஆற்றுப் பகுதியிலும், பேராக்கிலும் மிகப் பழைய இரும்புக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சில, நீண்ட குழல்போன்ற துளையுடைய விசித்திரமான கோடாலிகள். நிலத்தில் உழும்போதும் தோண்டும்போதும் இவற்றைக் கண்டெடுத்த மலாய்க் கிராமத்து மக்கள், 'தூலாங் மாவாஸ்' என்று பெயரிட்டார்கள். மாவாஸ் என்பது காட்டில் வாழும் குரங்கு மனிதன். அதன் கை எலும்பே இரும்பால் ஆனது என்று கதை. செய்தவர்கள் மறைந்து, செய்த வகையும் மறந்துபோனால், மனிதன் அடித்த இரும்பைக்கூடக் குரங்கின் எலும்பு என்றுதான் பின்வருகிறவர்கள் சொல்வார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

இப்பொழுது வேலைக்கு வருவோம். பழைய கோடாலித் தலையை எப்படி உரு மாற்றுவது?

முதல் வேலை, துருவை நீக்கிப் பார்ப்பது. தாய்மார்கள் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவீர்கள் அல்லவா? இரும்புத் துருவுக்கும் அது உதவும். கெட்டியான புளிக்கரைசலிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைத்து, காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்தால் துரு கழன்று வரும். பிறகு சோடா மாவு கலந்த நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். பழைய சாயம் ஒட்டியிருந்தால் அதை நெருப்பில் காட்டி எரிக்காதீர்கள். பழைய சாயங்களில் ஈயம் இருந்திருக்கலாம். அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளுக்கு நஞ்சு.

இரண்டாவது, தலை தகுதியானதுதானா என்று சோதிப்பது. ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் இலேசாகத் தட்டுங்கள். மணிபோல் கணீரென்றால் நல்லது. செத்த ஓசை வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. காம்பு நுழையும் துளையைக் 'கண்' என்பார்கள். விரிசல் பெரும்பாலும் கண்ணின் மூலைகளில் ஒளிந்திருக்கும். விரிசல் விட்ட தலையை எந்த உருவுக்கும் மாற்ற வேண்டாம். வீசும்போது உடைந்து பறந்தால், எதிரில் நிற்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். வார்ப்பு இரும்பில் செய்த மலிவான தலைகளும் இதற்கு உதவா.

மூன்றாவது, கோடு போடுவது. அகன்ற அலகுள்ள தலையாக இருக்க வேண்டும். காகிதத்தில் உருவத்தை வரைந்து, வெட்டி, இரும்பின்மேல் ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்கும் வாயின் கீழ்முனைக்கும் இடையில், கீழ்ப்பக்கம் பிறைபோல ஒரு துண்டை எடுத்துவிட்டால் தாடி தானாக வந்துவிடும். இரண்டு எச்சரிக்கைகள். கண்ணைச் சுற்றியுள்ள சுவரைத் தொடாதீர்கள். அங்கே கனம் குறைந்தால் தலை பிளந்துவிடும். வளைவின் உள்மூலையைக் கூர்மையாக விடாதீர்கள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். முதலில் அந்த மூலையில் துளைப்பானால் ஒரு வட்டத் துளை போட்டுவிட்டு, அந்தத் துளை வரையில் அறுத்துக்கொண்டு வந்தால் மூலை உருண்டையாக அமையும்.

நான்காவது, அறுப்பது. கோடாலியின் உடம்பு சற்று மெத்தென்று இருக்கும்; இரும்பு அறுக்கும் வாளும் அரமும் ஏறும். வாய்ப்பக்கம் பதம் ஏற்றியது. அங்கே வாள் வழுக்கும். அந்த இடத்துக்கு மட்டும் சாணைச் சக்கரம் வேண்டியிருக்கும். சக்கரத்தின் முன் நிற்கும்போது கண்ணாடி போடாமல் நிற்கவே கூடாது. கைலி, தொங்கும் சட்டை, கையுறை எதுவும் சுழலும் சக்கரத்தின் அருகில் வேண்டாம், இழுத்துக்கொண்டு போய்விடும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பதினெட்டு வயது. என் தந்தையின் கோடாலியைக் கூர்செய்து அவரை மகிழ்விக்கலாம் என்று, தெரிந்தவர் ஒருவரின் சாணைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினேன். தீப்பொறி பறக்கப் பறக்க உற்சாகம்! வாய் பளபளவென்று வந்தது; ஓரத்தில் மயில் கழுத்துப்போல அழகான நீலநிறமும் வந்தது. அழகென்று நினைத்தேன். மறுநாள் தந்தை ஒரு கட்டையில் நான்கு வெட்டுப் போட்டார். வாய் தகரம்போல மடங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. கோடாலியை என்னிடம் நீட்டி, "மாமாகிட்ட போ" என்று மட்டும் சொன்னார்.

மாமா செந்தூல் ரயில் பட்டறையில் கொல்லர் வேலை பார்த்தவர். நம்மவர்கள் பலர் தொழில் கற்ற இடம் அது. இன்று அந்தப் பட்டறை அங்கே இல்லை. பத்து காஜாவுக்கு மாறிவிட்டது. மாமா அந்த நீலத்தைப் பார்த்ததும் சொன்னார்: "மாப்பிள்ள, இது அழகு இல்ல. இரும்போட உயிர் போன அடையாளம்."

அவர் கற்பித்தது இதுதான். பதம் ஏற்றிய எஃகைச் சூடாக்கினால், அதன் மேல் நிறங்கள் வரிசையாக ஓடும். ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறம், 260க்கு அருகில் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். நிறம் ஏற ஏறக் கடினம் குறையும். கோடாலி வாய்க்கு வைக்கோலிலிருந்து பழுப்பு, மிஞ்சிப் போனால் ஊதாவின் தொடக்கம் வரை சரி. நீலம் தாண்டினால் வாய் நிற்காது. ஆகவே சாணை பிடிக்கும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். இரண்டு மூன்று விநாடி தேய்த்து, தண்ணீரில் நனையுங்கள். விரல் தாங்காத சூடு வருமுன் நிறுத்துங்கள். நேரம் இருப்பவர்கள் கை அரத்தையே நம்புங்கள். அரம் எஃகைக் கெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கெட்டுப்போன வாயை மாமா மீட்டுக் கொடுத்தார். கரி அடுப்பில் வாய்ப்பகுதியை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சினார். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டக்கூடாது, அதுதான் அடையாளம். உடனே இளஞ்சூடான எண்ணெயில் வாயை மட்டும் தோய்த்தார். பிறகு தேய்த்து வெளுப்பாக்கி, பின்பக்கத்துச் சூடு மெல்ல வாய்க்கு ஏறும்படி செய்து, பழுப்பு நிறம் வந்ததும் ஆற்றினார். இந்த வேலையை அனுபவப்பட்டவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம். சூடான எண்ணெய் தீப்பிடிக்கும். அடுக்குமாடி வீட்டின் பின்கட்டு இதற்கு ஏற்ற இடமே அன்று.

ஐந்தாவது, காம்பு. "நம்ம ரப்பர் மரத்துல செய்யலாமா?" என்று பையன் கேட்டான். ரப்பர் மரம் மேசை நாற்காலிக்குப் பெயர் பெற்றது. ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை வண்டும் பூஞ்சையும் விரைவில் தின்றுவிடும். கோடாலிக் காம்புக்கு அதிர்ச்சி தாங்கும் மரம் வேண்டும். இந்த நாட்டில் கெம்பாஸ் மரத்தைக் கருவிப் பிடிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். புளிய மரமும், நன்றாகக் காய்ந்த கொய்யாவும் உதவும். மரத்தின் ரேகை காம்பின் நீளத்துக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறியும். தலையை ஏற்றி, மேல்பிளவில் மர ஆப்பு அடித்து இறுக்குங்கள்.

தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஆப்பை மாற்றுவதே சரி. காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்துங்கள்.

தோழர்களே, கருவி ஆயிற்று. அதன் பிறகுதான் பெரிய எச்சரிக்கை. இது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்வது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதத்தை வைத்திருப்பது இந்நாட்டில் குற்றம். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "நான் கையால் செய்த அழகுப் பொருள்" என்று மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனால், சாலையில் நிறுத்திக் கேட்கிற போலீஸ்காரருக்கு அது கோடாலிதான். இரவு நேரத்தில், நான்கு நண்பர்களோடு, கையில் ஒரு போர்க்கோடாலி என்றால், எந்தத் தாய் காவல் நிலையத்தில் போய் என்ன சொல்லி மீட்பாள்? செய்த பொருள் வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், வாய்க்கு உறை போட்டு, துணியில் சுற்றி, நேராகப் போய் நேராக வாருங்கள். படம் பிடித்து வீரம் பேச வேண்டாம்.

இப்பொழுது பாட்டியிடம் திரும்புவோம்.

"இது தாத்தாவோட கோடாலியா, பாட்டி?" என்று நான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவரு வேலைக்காட்டுல மரம் வெட்டுனது தோட்டத்துக் கோடாலி. அத சாயங்காலம் ஸ்டோர்ல திருப்பிக் குடுத்துடணும். இது நான் சீட்டுக் காசுல வாங்குனது. பால் வெட்டிட்டு வந்து, வெறகு பொளந்து, ஏழு பேருக்குச் சோறாக்குனது இதாலதான்."

பையன் தலை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அது புதுச் செய்தி.

நேயர்களே, நம் தோட்டத்து வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். காட்டை அழித்து ரப்பர் நட்டபோது கோடாலி இருந்தது. ரப்பர்த் தட்டுகளைப் பதப்படுத்திய புகைக்கூடத்துக்கு விறகு வெட்டியது கோடாலி. 1917இல் சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடப்பட்டது. பிற்காலத்தில் எத்தனையோ ரப்பர்க் காடுகள் செம்பனைக்கு வழிவிட்டுச் சாய்ந்தன. லயத்து அடுப்பில் எரிந்ததும் கோடாலி பிளந்த விறகுதான். பிறகு காஸ் அடுப்பு வந்தது. பிறகு தோட்டங்களே போயின. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. லயத்தை விட்டு வெளியேறிய நாளில், லாரியில் எது ஏறியது, எது குப்பையில் விழுந்தது? பால்வாளி, உளி, காண்டாக் கம்பு, கோடாலி - இவைதாம் முதலில் பழைய இரும்புக்குப் போயின. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை விட்டுச்சென்ற எழுத்து அந்தக் கருவிகள்தாம். அவை போய்விட்டால், கிள்ளான் மண்ணில் கிடைத்த இரும்பைக் குரங்கின் எலும்பு என்று சொன்னதுபோல, நம் பேரப்பிள்ளைகளும் நம்மைப் பற்றி ஏதாவது கதை கட்டிக்கொள்வார்கள்.

ஆகவே நான் அந்தப் பையனுக்கு ஒரு வழி சொன்னேன். பாட்டியின் கோடாலியை வெட்டாதே. துருவை எடு, எண்ணெய் பூசு, புதுக் காம்பு போடு. யார் வாங்கியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பாட்டியைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனோடு வை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு ஒரு தலை வாங்கு. வாய் நசுங்கியது, ஊர் பேர் தெரியாதது. அதில் உன் தாடிக் கோடாலியைச் செய். தவறினால் கற்றுக்கொண்டதாக இருக்கட்டும். நேராக வந்தால் உன் கைவண்ணமாக இருக்கட்டும்.

எல்லாப் பழைய பொருளையும் தொடாமல் பூசை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதை தெரிந்த பொருளைக் காப்பாற்றுங்கள். கதை இல்லாத இரும்பை உரு மாற்றுங்கள். எது எது என்று தெரிந்துகொள்ள, அறுக்கும் வாளை எடுக்குமுன் வீட்டில் இருக்கும் பெரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவ்வளவுதான்.

'குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு' என்று ஒரு பழமொழி உண்டு. மரத்தில் பிறந்த காம்பே மரத்தை வெட்ட உதவுகிறதே என்னும் வருத்தம் அது. அந்தப் பையன் புதுக் காம்பைச் செதுக்கிக்கொண்டிருப்பதாக நேற்றுத் தொலைபேசியில் பாட்டி சொன்னார். கொய்யாக் கட்டையாம். "காம்பு கொஞ்சம் கோணல். ஆனா பக்கத்துல ஒக்காந்து எங்க தோட்டத்தப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கான், தம்பி" என்றார். இந்தக் காம்பு குலத்தைக் கெடுக்காது.